பால் மாற்றும்போது முதலில் அளவைக் குறையுங்கள்

பெங்களூர் முருகேஷ்பாளையாவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பையனுக்கு 11 மாதம், எடை 8.9 கிலோ. வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் தாய்ப்பால் நின்றுவிட்டது. இப்போது ஒரு நாளைக்கு ஐந்து முறை 180 மில்லி ஃபார்முலா (குழந்தைகளுக்கான டப்பாப் பால்), எல்லாமே பாட்டிலில். சாப்பாடு என்றால் மிக்ஸியில் அடித்த பருப்பு சாதம் நாலைந்து ஸ்பூன். அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் தண்ணீர் கலந்து பசும்பால் கொடுக்கச் சொல்கிறார். பக்கத்து ஃப்ளாட்டில், நாட்டு மாட்டுப் பால் என்று தனியாக விற்கும் ஏ2 பால் வாங்கச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கென்று தனி டப்பாவைக் காட்டுகிறார்கள். எப்போது மாற்றுவது, எந்தப் பால், எப்படி ஆரம்பிப்பது என்பது கேள்வி.

நான் பெங்களூரில் குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியுடன் வரும் பெற்றோர் அநேகமாக எல்லோரும் எந்தப் பால் என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சுலபம், கீழே சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஐந்து முறை 180 என்ற கணக்குதான். மொத்தம் 900 மில்லி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஃபார்முலாவில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 67 கலோரி இருக்கும். 900 மில்லியில் 600 கலோரி வந்துவிடுகிறது. 8.9 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவது சுமார் 700 கலோரி. அவனுக்கு வேண்டியதில் பெரும்பங்கைப் பாட்டிலே கொடுத்துவிட்டது. மிச்சமிருக்கும் பசிக்கு நாலைந்து ஸ்பூன் பருப்பு சாதம் போதும், அதை அவன் சாப்பிடுகிறான். "சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் சரியாகத்தான் சாப்பிடுகிறான், வயிற்றில்தான் இடமில்லை. எடையைப் பற்றியும் கவலை வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 11 மாத ஆண் குழந்தைக்கு நடுத்தர எடை 9.4 கிலோ. 8.9 என்பது அதற்கு மிக அருகில்தான் இருக்கிறது.

இப்போது இதே 900 மில்லியை அப்படியே பசும்பாலாக மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கலோரி பெரிதாகக் குறையாது, எடையும் குறையாது, குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்றே இருப்பான். ஆனால் ஃபார்முலாவில் இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள், டப்பாவின் பின்பக்கம் அளவு போட்டிருக்கும். பசும்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட சரியாக இருக்காது. அந்தக் கொஞ்சமும் உடம்பில் நன்றாக ஒட்டாது, ஏனென்றால் பாலில் உள்ள கால்சியமும் கேசீன் புரதமும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. பால் அதிகமாகும்போது மற்ற சாப்பாட்டில் வரும் இரும்பையும் அது கெடுக்கிறது. 1 வயதிலிருந்து 3 வயது வரை ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் நிர்ணயித்திருக்கிறது. தட்டில் நாலைந்து ஸ்பூன் சாதமும் பாட்டிலில் ஒரு லிட்டர் பாலும் என்றால் அந்த 8 மில்லிகிராம் வர வழியே இல்லை.

இப்படி வரும் குழந்தைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றரை வயது, நல்ல எடை, கன்னம் உப்பியிருக்கும். பாட்டி பெருமையாகச் சொல்வார், "பால் குடிச்சுக் குடிச்சு நல்லா வெளுத்துட்டான்" என்று. கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இருக்காது. உள்ளங்கைக் கோடுகளும் வெளிறியிருக்கும். அந்த வெளுப்பு நிறம் இல்லை, ரத்தசோகை. பால் நல்லதுதானே என்று நம்பிக் கொடுத்த அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு தவறும் கிடையாது, யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதற்கு ஏழ்மை ஒரு பெரிய காரணம்தான். ஆனால் வசதியான அபார்ட்மெண்ட் வீடுகளிலும் இது நிறைய இருக்கிறது. அங்கே நான் முதலில் கேட்பது ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் என்பதைத்தான்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் பால் அளவு குறைய வேண்டும், அந்த இடத்தில் சாப்பாடு ஏற வேண்டும், பிறகுதான் ஃபார்முலா பசும்பாலாக மாற வேண்டும். உங்களிடம் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அது போதும்.

ஒரு வயது ஆகட்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம், பசும்பாலில் இரும்பு இல்லாதது மட்டும் அல்ல. 100 மில்லி பசும்பாலில் 3 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, தாய்ப்பாலில் 1 கிராம் அளவுதான். இந்தக் கூடுதல் புரதத்தையும் உப்புகளையும் வெளியேற்றும் வேலை சின்னக் குழந்தையின் சிறுநீரகத்துக்குப் பாரம். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியவும் செய்யும். அதற்காக உங்கள் மாமியார் ஏதோ விஷத்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். தாய்ப்பால் இல்லாத 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு ஃபார்முலாவோ விலங்குப் பாலோ கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. ஃபார்முலா கிடைக்கும்போது ஒரு வயது வரை அதிலேயே இருப்பது நல்லது, அதுவும் ரத்தசோகை இவ்வளவு பரவியிருக்கும் நம் நாட்டில். தயிருக்கும் சமையலில் சேரும் கொஞ்சம் பாலுக்கும் இந்தத் தடை இல்லை. இப்போதே தயிர் சாதம் கொடுக்கலாம், அது பசும்பாலுக்கு நல்ல முன்னோட்டமும்கூட.

மாமியார் சொல்வதில் ஒன்றைமட்டும் கேட்க வேண்டாம்: தண்ணீர் கலப்பது. ஒரு வயதுக் குழந்தைக்குப் பாலில் தண்ணீர் கலந்தால் கொழுப்பும் கலோரியும்தான் குறையும். ஜீரணத்துக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. பால் ஒத்துக்கொள்ளுமா என்ற பயம்தான் தண்ணீர் கலக்கச் சொல்கிறது. அந்தப் பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் சாதாரண ஃபார்முலாவே பசும்பாலிலிருந்து செய்ததுதான். அதே புரதம், அதே லாக்டோஸ் (பால் சர்க்கரை). இத்தனை மாதம் அது ஒத்துக்கொண்டிருக்கிறது என்றால் பசும்பாலில் புதிதாக ஒவ்வாமை வர வாய்ப்பு மிகக் குறைவு. மருத்துவர் ஏதாவது காரணத்துக்காக சோயா ஃபார்முலாவோ, ஒவ்வாமைக் குழந்தைகளுக்கான விசேஷ ஃபார்முலாவோ எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போது அவரைக் கேட்காமல் ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்காதீர்கள்.

இனி இந்த ஒரு மாதத்துக்கான வேலை. முதல் வாரத்திலேயே மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கும் பாட்டிலை நிறுத்துங்கள். சாப்பாடு முதலில், பால் அப்புறம், அதுவும் கேட்டால்தான். அடுத்தது ராத்திரி நடுவில் கொடுக்கும் பாட்டில். 11 மாதத்தில் ராத்திரிப் பால் பசிக்குத் தேவையில்லை, அது தூங்கும் பழக்கம். பல் முளைத்தபின் வாயில் பாலோடு தூங்கினால் மேல்பல் முன்வரிசை சொத்தையாகும். இரண்டு மூன்று நாள் அழுவான், தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டும் போய்விட்டால் 540 மில்லிக்கு வந்துவிடுகிறீர்கள். ஒரு வயது முடிந்தபின் தயிர், மோர் எல்லாம் சேர்த்து 400 முதல் 500 மில்லி போதும். 1 முதல் 3 வயதுக்கு ஒரு நாளைக்குத் தேவையான கால்சியம் 500 மில்லிகிராம், 400 மில்லி பாலிலேயே அது கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அதற்கு மேல் கொடுக்கும் பால் எலும்புக்குப் போகாது, சாப்பாட்டின் இடத்தைத்தான் பிடிக்கும்.

பாட்டில் குறைந்த இரண்டு நாளில் பசி எடுக்கும். அந்தப் பசி வரும்போது தட்டில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். 11 மாதக் குழந்தைக்கு மிக்ஸி வேண்டாம். 6 மாதத்தில் மசித்தது, 8 மாதத்தில் கொஞ்சம் கட்டியாக, 9, 10 மாதத்தில் விரலில் எடுத்துக் கடிக்கும்படி என்று போக வேண்டும். இந்த வயதில் கட்டியான உணவு பழகாத குழந்தைகள் பிறகு இரண்டு, மூன்று வயதிலும் வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பையன் கொஞ்சம் தாமதம்தான். ஆனால் பிடித்துவிடலாம்.

இட்லியில் ஆரம்பியுங்கள். ஒரு இட்லியை உங்கள் சுண்டுவிரல் அளவு நீளவாக்கில் நறுக்கி, நெய் தடவி, அவன் முன்னால் வையுங்கள். அவன் உள்ளங்கையில் பிடித்தால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அந்த நீட்டலைத்தான் கடிப்பான். பாதி கீழே போகும், கால்வாசி முடியில் ஒட்டும். முதல் சில நாள் ஒன்றிரண்டு முறை குமட்டுவான். முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும், இருமுவான், சத்தம் இருக்கும். அது அவனே சமாளிப்பது, பதறி விரலை வாய்க்குள் விடாதீர்கள். சத்தமே இல்லாமல், அழவும் முடியாமல், உதடு நீலமாகப் போனால்தான் அது அடைப்பு. அப்படி நடந்தால் குப்புறப் படுக்கவைத்து முதுகில் தட்டுவது எப்படி என்பதை வீட்டில் உள்ள எல்லோரும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் உட்பட, உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன், பச்சைக் கேரட் துண்டு, கெட்டி முறுக்கு இவையெல்லாம் இப்போது கிட்டவே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கினால் கொடுக்கலாம். எப்போதும் உட்கார வைத்து, பக்கத்தில் ஆள் இருந்து.

மெல்லப் பழகியபின் வீட்டுச் சாப்பாடுதான். குழைய வேகவைத்த சாதத்தில் கெட்டிப் பருப்பு, கீரை மசியல், நெய். சாம்பாருக்குப் பருப்பு வெந்ததும் உப்பு, காரம், புளி சேர்க்கும் முன்னால் அவனுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையல் வேண்டாம். பருப்புத் தண்ணீர் என்று மேலே தெளிந்ததை வடித்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, அதில் பருப்பு இல்லை. 9 கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு சுமார் 270 மில்லியைத் தாண்டிக் கொள்ளாது. அந்தச் சின்ன இடத்தைக் கஞ்சித் தண்ணீரும் ரசமும் நிரப்பினால் என்ன சத்து சேரும்? ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாத கெட்டியில் இருக்கட்டும், ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேருங்கள். தாய்ப்பால் குடிக்காத குழந்தைக்கு நாளைக்கு நாலைந்து வேளை இப்படிச் சாப்பாடு வேண்டும், ஒரு வேளைக்கு முக்கால் கிண்ணம் வரை போகலாம்.

இரும்புக்கு என்ன கொடுப்பது? அசைவம் சாப்பிடும் வீடு என்றால் வேலை சுலபம். கைமா, நன்றாக வெந்த கோழித்தொடை, வாரம் ஒருமுறை ஒரு சின்னத் துண்டு ஆட்டு ஈரல் அல்லது சுவரொட்டி (மண்ணீரல்). ஈரலை வாரம் ஒருமுறைக்கு மேல் கொடுக்க வேண்டாம், வைட்டமின் ஏ அதிகமாகிவிடும். இறைச்சியில் உள்ள இரும்புதான் உடம்பில் நன்றாக ஒட்டும். முட்டை தினமும் ஒன்று, மஞ்சளும் வெள்ளையும் சேர்த்தே, கெட்டியாக வேகவைத்து. வெள்ளைக் கருவை ஒரு வயதுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இப்போது இல்லை. வேர்க்கடலையும் அப்படித்தான். லண்டனில் நடந்த லீப் ஆய்வு 2015-இல் வெளியானது, சீக்கிரமே வேர்க்கடலை கொடுத்த குழந்தைகளுக்கு அந்த ஒவ்வாமை மிகக் குறைவாக வந்ததை அது காட்டியது. வறுத்து நைசாக அரைத்து, சாதத்திலோ கூழிலோ கலந்து கொடுங்கள். கடுமையான எக்சிமா (தோலில் அரிப்பும் தடிப்பும்) இருக்கும் குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு.

சைவ வீடு என்றால் பருப்பு, கொண்டைக்கடலை மசியல், முளைகட்டிய பயறு, கம்பு, முருங்கைக்கீரை, எள். இவற்றில் இரும்பு இருக்கிறது, ஆனால் அது ஒட்ட வைட்டமின் சி வேண்டும். பருப்பு சாதத்தில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சாப்பிட்டதும் ஒரு துண்டு கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு கொடுங்கள். மல்லேஸ்வரம் மார்க்கெட்டிலும் ரசல் மார்க்கெட்டிலும் இவை வருஷம் முழுக்கக் கிடைக்கும். ஏலக்கி வாழைப்பழம் நல்லதுதான், ஆனால் அதில் இரும்பு மிகக் குறைவு, அதையே எல்லா வேளைக்கும் நம்பாதீர்கள்.

கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் உங்கள் கன்னட அக்கம்பக்கத்தார் ‘ராகி சரி’ என்ற கேழ்வரகுக் கூழைக் கொடுப்பதும், நம் பக்கத்துப் பாட்டிகள் கேழ்வரகுப் பால் எடுத்துக் காய்ச்சுவதும் நல்ல பழக்கம். 100 கிராம் கேழ்வரகில் 360 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, இரும்பு 4.6 மில்லிகிராம். முளைகட்டினால் இரும்பு ஒட்டுவதும் கூடும். ஆனால் ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டுவது 6 மாதக் குழந்தைக்குத்தான். 11 மாதத்தில் முழு மாவாகவே கூழ் காய்ச்சுங்கள். சக்கையோடு பாதிச் சத்தும் போக வேண்டாம். வெல்லம் போடாமல் வாழைப்பழம் மசித்துச் சேருங்கள். வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாம் குழந்தையின் கணக்கில் சர்க்கரைதான், முதல் இரண்டு வருடம் அது இல்லாமல் இருப்பது நல்லது. தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதும் வேண்டாம். அதிலிருந்து பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம். டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பதை எல்லோரும் அன்பாகத்தான் செய்கிறார்கள். டீயில் உள்ள டானின் இரும்பைத் தடுக்கிறது, பிஸ்கட் பசியைக் கெடுக்கிறது. தாத்தாவிடம் இதை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

இதற்கு மேல் இரும்பு சொட்டு மருந்து. அனீமியா முக்த் பாரத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் வாரம் இருமுறை 1 மில்லி இரும்பு–ஃபோலிக் அமில சிரப், அதில் 20 மில்லிகிராம் இரும்பு. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கேட்கலாம். தனியார் மருத்துவரிடம் போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் விட்டுப்போகிறது, நீங்களாகக் கேளுங்கள். கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

அவனுக்கு ஒரு வயது ஆனதும் பால் மாற்றம். அதற்குள் சாப்பாடு ஓரளவு ஏறியிருக்கும். சுலபமான வழி, ஒரு வேளை ஃபார்முலாவுக்குப் பதில் ஒரு வேளை பசும்பால், மூன்று நான்கு நாள் கழித்து அடுத்த வேளை. சுவை பிடிக்காமல் துப்பினால் கலந்து கொடுக்கலாம்: முதலில் முக்கால் பங்கு ஃபார்முலா, கால் பங்கு பால், பிறகு பாதிப் பாதி. கலக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஃபார்முலாவை அதன் அளவுப்படி வெந்நீரில் தனியாகக் கரைத்துவிட்டு, பிறகு அதில் காய்ச்சிய பாலைச் சேர்க்க வேண்டும். பாலிலேயே பவுடரைப் போட்டுக் கரைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் புரதமும் உப்பும் அளவுக்கு மீறிக் கூடி உடம்பில் நீர் வற்றும். செலவைச் சுருக்கவோ சத்தைக் கூட்டவோ நினைத்து இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் துப்புகிறான் என்றால், ஃபார்முலாவில் லாக்டோஸ் 100 மில்லிக்கு 7 கிராம் அளவு, பசும்பாலில் 5-க்கும் கொஞ்சம் குறைவு. பசும்பால் அவனுக்குச் சப்பென்றிருக்கும். சர்க்கரை போடாமல் பொறுத்திருங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். மலம் கொஞ்சம் கெட்டியாகும், நிறம் வெளிறும். முக்கி அழுதால் பால் இன்னும் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். அளவைக் குறைத்து, தண்ணீரும் பழமும் கூட்டுங்கள்.

எந்தப் பாக்கெட்? நந்தினியில் பச்சைப் பாக்கெட், 3.5 சதவீதக் கொழுப்புள்ள ஹோமோஜினைஸ்டு பசும்பால், அது போதும். வீட்டில் நீலப் பாக்கெட் வாங்குகிறீர்கள் என்றால் அது டோன்டு பால், 3 சதவீதம், அரை சதவீத வித்தியாசத்துக்காகத் தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. 1.5 சதவீத டபுள் டோன்டு பாலும் கொழுப்பு நீக்கிய பாலும் இரண்டு வயது வரை வேண்டாம், மூளை வளரும் வயதில் கொழுப்பு தேவை. 6 சதவீத ஃபுல் க்ரீம் பால் தேவையே இல்லை, சீக்கிரம் வயிற்றை நிரப்பிவிடும். நிறத்தை நம்பாமல் சதவீதத்தைப் படியுங்கள், ஊருக்குப் போனால் வேறு கம்பெனிக்கு வேறு நிறக் கணக்கு. பாக்கெட் பால் பாஸ்சரைஸ் ஆனதுதான் என்றாலும், விடியற்காலையில் கதவில் தொங்கும் பையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று தெரியாது. பொங்கும் வரை ஒருமுறை காய்ச்சுங்கள், அதற்கு மேல் திரும்பத் திரும்பக் கொதிக்க விட வேண்டாம். மேலே படியும் ஆடையை நெய்க்கு எடுத்து வைக்கும் வீடு என்றால், அவனுடைய பங்கை எடுத்த பிறகு எடுங்கள்.

ஏ2 பாலைப் பற்றி: விலை கையைக் கடிக்கும், உங்கள் குழந்தைக்கு அதனால் கிடைக்கும் நன்மைக்கு நல்ல ஆதாரம் இல்லை. பண்ணையிலிருந்து காய்ச்சாத பால் வீட்டுக்கு வருகிறது என்றால் கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும், புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோயும் மாட்டுக் காசநோயும் பச்சைப் பாலில் வரக்கூடியவை. ஆட்டுப்பாலில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் மிகக் குறைவு, அதை மட்டுமே நம்பக் கூடாது. தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் கறந்து கொடுப்பவரிடம் ஒருபோதும் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது காய்ச்சாத பால்.

மருந்துக்கடை டப்பாவும் வேண்டாம். 12 மாதத்துக்குப் பிறகு விலங்குப் பால் போதும், தொடர் ஃபார்முலா (இந்த மாதிரி டப்பா) பரிந்துரைக்கப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2023 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. நம் நாட்டில் 1992-ஆம் வருடத்துக் குழந்தைப் பால் மாற்றுப்பொருள் சட்டம் 2003-இல் திருத்தப்பட்டது, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான இந்த டப்பாக்களை விளம்பரப்படுத்தவே அது தடை போடுகிறது. அந்த டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மாதத்துக்கு முட்டையும் கீரையும் பழமும் வரும்.

பாட்டிலை விடுவது பால் மாற்றத்தோடு சேர்த்தே நடக்கட்டும். புதுப் பால் புது டம்ளரில் என்று ஆரம்பித்தால் சில குழந்தைகள் எளிதாக ஏற்றுக்கொள்கின்றன. சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு வாய் அளவு ஊற்றி, நீங்கள் பிடித்துக் குடிக்க வையுங்கள். ஒன்றரை வயதுக்குள் பாட்டில் வீட்டைவிட்டே போய்விட வேண்டும். பாட்டிலில் இருக்கும்வரை நடந்துகொண்டும் படுத்துக்கொண்டும் அரை லிட்டர் கணக்கே தெரியாமல் உள்ளே போகும். டம்ளரில் யாரும் அவ்வளவு குடிப்பதில்லை.

பகலில் டே கேரில் விடுகிறீர்கள் என்றால் அங்கேதான் பாதித் திட்டம் நடக்க வேண்டும். 26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து தாய் வேலைக்குப் போகும் வாரமும் குழந்தை முதல் கவளம் சாப்பிட வேண்டிய வாரமும் ஒன்றாக வருகிறது. நிறையக் குழந்தைகளுக்குச் சாப்பாடு பின்தங்குவது அதனால்தான், அதில் உங்கள் குறை எதுவும் இல்லை. பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அழுதால் பாட்டில் என்பது இயல்பாக நடந்துவிடும். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எட்டரைக்கு இட்லி, பதினொன்றுக்குப் பழம், ஒரு மணிக்கு சாதம், நாலு மணிக்குப் பால் 150 மில்லி. தினமும் எவ்வளவு சாப்பிட்டான் என்று கேட்பதைவிட, எத்தனை பாட்டில் போனது என்று கேளுங்கள்.

ஒரு வயதுக்குப் பிறகு பசி தானாகக் குறையும், அதற்கும் தயாராக இருங்கள். முதல் வருடத்தில் எடை மூன்று மடங்காகிறது, இரண்டாவது வருடம் முழுவதிலும் இரண்டரைக் கிலோ அளவுதான் ஏறுகிறது. ஒரு நாள் நன்றாகச் சாப்பிடுவான், மறுநாள் தொடமாட்டான். அந்த மறுநாளில் பயந்துபோய் ஒரு பாட்டில் பாலைக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வேளைக்குப் பசிக்கட்டும்.

பால் மாற்றிய நாட்களில் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு வாங்குவது வந்தால் உடனே மருத்துவமனை. மலத்தில் ரத்தம், விடாத வாந்தி என்றாலும் தாமதிக்காதீர்கள். மண், சுண்ணாம்பு, சுவர்ப்பூச்சை எடுத்துத் தின்பது, எப்போதும் சிணுங்குவது, வெளிறிய நாக்கு, இவை இரும்புக் குறைவின் அடையாளங்கள். இவை இல்லாவிட்டாலும், இத்தனை மாதம் பாலையே நம்பி இருந்தவன் என்பதால், ஒரு வயதுத் தடுப்பூசிக்குப் போகும்போது ஹீமோகுளோபின் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவாக இருந்தால் சிகிச்சைக்கான இரும்பின் அளவு வேறு, அதை மருத்துவர் எடைக்கேற்ப எழுதுவார். அந்தச் சொட்டு மருந்தைப் பாலோடு சேர்த்துக் கொடுக்காமல், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் கொடுங்கள்.